ஆனி மாதத்துக் கோடை வகுப்பு

கண்ணுகளா, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு நான் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். "அப்பாவுக்கு அப்பா மேலயே நம்பிக்கை இல்லை" என்று சின்னவன் அன்றைக்கு உங்கள் மாமா முன்னால் சொன்னான். சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பழக்கம் என் சொந்தச் சரக்கு இல்லை. இன்னொருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றுபோன கை இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் குடியிருந்தோம். நாம் என்றால் நானும் உங்கள் அம்மாவும் தவழ்ந்துகொண்டிருந்த பெரியவளும். நான் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். கீழ் வீடு நமக்கு வாடகை. மாடியில் வீட்டுக்காரம்மாவும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகளும் இருந்தார்கள். வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அந்தம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயரை எழுதவில்லை. தன்னைக் கேட்காமல் தன் பெயரை எழுதியது யார், எதற்கு என்று விசாரித்துக்கொண்டு இப்போதும் வாசலில் வந்து நிற்கக்கூடியவர்.

அக்கா எதையும் எடுத்தவுடன் நம்ப மாட்டார். காந்திபுரம் போகும் டவுன் பஸ் வந்தால் முதலில் போர்டைப் படிப்பார். பிறகு கண்டக்டரைக் கேட்பார். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்துச் சீட்டில் இருப்பவரையும் கேட்பார். "போர்டை மாத்த மறந்திருப்பாங்க, கண்டக்டரு தூக்கக் கலக்கத்துல இருப்பாரு. நீங்க எங்க போறீங்க?" யாராவது மணி சொன்னால் வாசலுக்குப் போய் வெயில் விழுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். யார் எதைச் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அப்படீங்கறீங்க?" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. மரியாதைக்கும் குறைவு இருக்காது. 'ங்க' போடாமல் அவர் பெரியவர்கள் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

பூட்டு விஷயமும் அப்படித்தான். பூட்டிவிட்டுப் போய், பால் பூத் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

"பூட்டுனது நீங்கதானுங்களேக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நாந்தானுங்க தம்பி. எங்கிட்ட நானே பொய் சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

வீட்டுக்காரரின் கூட்டாளி யாரோ ஏமாற்றிவிட்டதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று வீதியில் பேச்சு. அதையும் நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அக்கா சிரித்தார். "ஏமாந்து போனவிங்கதான் சந்தேகப்படோணுமுங்களா? ஏமாறாதவிங்க படக்கூடாதா?"

உங்கள் அம்மா ஒருமுறை கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். "நீ சாப்பிட்டயா அம்மணி?" என்று கேட்டு, இவள் ஆச்சு என்று சொன்ன பிறகும், ஒரு வாய் சோற்றைப் பிசைந்து இவள் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் அவர் தொட்டார். உங்கள் அம்மா கீழே வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "நான் என்ன வெசமா வெச்சுக் கொண்டுபோனேன்?" அதற்கப்புறம் ரொம்ப நாள் மாடிக்குக் குழம்பு போகவில்லை.

பால்காரர் கதை இன்னும் மோசம். பாலில் தண்ணீர் இருக்கிறது என்று வீதியே கூடும்படி அக்கா அவரைக் கேட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து எருமையையே வாசலுக்கு ஓட்டி வந்து கறந்தார் அந்த மனிதர். கறப்பதற்கு முன்னால் வெறும் பாத்திரம்தான் என்று போசியைக் கவிழ்த்துக் காட்டினார். அப்போதும் பால் அதே பதத்தில்தான் இருந்தது. புதுத் தீவனத்துக்கு எருமை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அக்கா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு யார் குடி வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் அந்தப் பால்காரரிடம்தான் கேட்டார். சந்தேகப்பட்டு முடித்த ஆளைத்தான் அவர் நம்புவார் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

இனி அந்தப் பெண்ணின் சங்கதிக்கு வருகிறேன்.

அது தன்னாட்சிக் கல்லூரி. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. எல்லாம் சேர்ந்தால்தான் பட்டம். இரண்டாம் வருடத்தில் அவளுக்கு அம்மை போட்டு இரண்டு பாடங்கள் விட்டுப்போயின. அவற்றை முடிக்க வேண்டும் என்றால், அவள் கூட்டாளிகள் எல்லாம் பட்டம் வாங்கிப் போன பிறகு இவள் மட்டும் இன்னொரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

அதற்கு அவளுடைய தாய்மாமன் விடமாட்டார். அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரர். சொந்தபந்தம் கூடியிருந்த ஒரு விசேஷ வீட்டில் வைத்து அவர் அக்காவிடம் சொல்லிவிட்டார். "இத பாரு அம்மணி, வர்ற சித்திரைக்குள்ள படிப்ப முடிச்சாள்னா அப்புறம் மேல படிக்கறதோ என்னவோ உம்பாடு. முடியலீன்னா வைகாசியில எம்பையனுக்குக் கட்டிக் குடுத்துப்போடு." அக்காவும் சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மேலே படிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. சித்திரை ஒன்றுதான் அவளுக்கு வாசல்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு புதுத் திட்டம் வந்தது. சில பெண்களைக் கோடை விடுமுறை வகுப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சில வாரம் படித்துப் பரீட்சை எழுதினால் அந்தக் கிரெடிட்டை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். செலவு கல்லூரி அறக்கட்டளையுடையது. விட்டுப்போன இரண்டு பாடத்தையும் அங்கே முடித்துவிட்டால் அவள் தன் வகுப்போடு சேர்ந்தே வெளியே வந்துவிடலாம். அவள் பெயரும் தேர்வாகியிருந்தது. மாடியிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கி வந்து உங்கள் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள்.

அக்கா தலையைச் சாய்த்தார்.

"கோடை வகுப்புங்கறாங்க. ஆனி மாசம் பொறப்பாடுங்கறாங்க. சித்திரை வைகாசியெல்லாம் போயி, காத்து அடிக்கற ஆனியில ஏதுங்க தம்பி கோடை?"

"அங்க அப்பத்தான் வெயிலு வருமாமுங்கக்கா."

"அப்படீங்கறீங்க? சரி, வெயிலுக்குத்தான் லீவு உடறாங்க. லீவு உட்ட பள்ளிக்கோடத்துல யாரு பாடம் நடத்துவாங்க? சும்மா எவனாச்சும் டிக்கெட்டுப் போட்டுக் கூட்டிட்டுப் போவானா?"

எனக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. காந்திபுரத்தில் வெளிநாட்டு வேலை என்று ஆளைக் கூட்டிப்போய் அம்போவென்று விட்ட கதைகளை நாங்களும் கேட்டிருந்தோம்.

இந்தத் திட்டத்தைக் கவனித்துக்கொண்டது கல்லூரியில் ஒரு இளம் பேராசிரியை. வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். அக்கா யோசித்து முடித்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நம் பக்கம் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை எப்படி விசாரிப்போம்? நேராகப் போய்க் கேட்க மாட்டோம். அந்த ஊர் பேக்கரியில் போய் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, அந்தக் குடும்பம் எப்படி, வாக்கு எப்படி என்று காரணம் சொல்லாமல் விசாரிப்போம். அந்தப் பேராசிரியை சொல்லை நம்பலாமா என்று அதே மாதிரி விசாரித்து வர என்னை அனுப்பினார். அவருக்கு வேறு வழி தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு பேக்கரிக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏனுங்க, அந்தச் சந்துல காலேஜ் டீச்சரம்மா ஊடு ஒண்ணு இருக்குதாமுங்களே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தார். "நீங்க எந்தூருங்க?"

"கணபதிங்க."

"தங்கமான குடும்பமுங்க. குடி, சீட்டு எதுவும் கெடையாது."

"சொன்னாச் சொன்னபடி நடப்பாங்களா?"

"வாக்கு மாறாத ஊடுங்க. டீச்சரம்மாவோட தம்பி சொந்தமா லேத்துப் பட்டறை வெச்சிருக்கான்."

தம்பி எதற்கு வந்தான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பட்டறை என்றதும் என் புத்தி அங்கே போய்விட்டது. என்ன லேத், என்ன வேலை, ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்று ஆசையாகக் கேட்டேன். அவரும் ஆசையாகச் சொன்னார். கிளம்பும்போது, கணபதியில் எந்த வீதி, யார் வீடு என்று அவர் கேட்க, அடையாளம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பால்காரர் போசியைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்ண்ணா, நேத்துத் தேங்கா பன்னு எப்படி இருந்துச்சுங்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் நிஜமாகவே போனேனா, பேக்கரியில் உட்கார்ந்தேனா என்று பார்த்துவர அக்கா அவரை அடுத்த பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார்! விறுவிறுவென்று மாடிக்குப் போனேன்.

"என்னை நம்பலீன்னா என்னை எதுக்குங்கக்கா அனுப்புனீங்க?"

அக்கா பதறவில்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி. என்னையே நான் நம்பறதில்ல. உங்களை மட்டும் நம்பிப்போட்டா, என்னை விட உங்களைப் பெருசா வெச்ச மாதிரி ஆயிருமே."

இறங்கி வந்தேன். உங்கள் அம்மா கேட்டாள். "இன்னொரு தடவை அந்தம்மாவுக்கு வேலை செய்யப் போவீங்களா?" போக மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வந்திருந்தார். வெளிநாட்டுப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தது. மாடியில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெரியம்மா, ஒரு இளம் பெண், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பையன். கையில் ஆப்பிள், மல்லிகைப் பூ. நாற்காலி போதாது என்று நம் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நானும் மாடி ஏறினேன்.

பெரியம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "நீங்க நம்மூர்ல வந்து விசாரிச்சதாச் சொன்னாங்க. அதான் நாங்களே ஒரு எட்டுப் பொண்ணப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

காப்பி டம்ளரோடு வந்த மகள், "மேடம்!" என்று அலறினாள். "நீயா?" என்றார் பேராசிரியை. டம்ளர் தட்டோடு கவிழ்ந்தது.

தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஓகோ! எனக்குத் தெரியாம மாப்பிள்ளை பாக்கறயா? இதுக்குத்தான் சீமை கீமைன்னு கதை உட்டயா?"

"யாருங்க விசாரிச்சது?" என்றார் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

பேராசிரியையின் அம்மா விவரமானவர். இந்த வீட்டில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டு, பேச்சை மாற்றுவதற்காக, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரரின் கூட்டத்தைச் சொன்னார். "அட! நாங்களும் அதேதானுங்க. அப்பப் பங்காளிங்கல்ல ஆகுது!" ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை முறை. பெண் எடுக்கவே முடியாது. மாப்பிள்ளையாக வந்து ஒரு வாய்க் காப்பி குடிப்பதற்குள் அண்ணனாகிப்போன அந்தப் பையன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அதையும் அக்கா சும்மா விடவில்லை. "அப்படீங்கறீங்க? கொலசாமி கோயிலுக்கு முன்னால கெணறு எந்தப் பக்கமுங்க?"

"கெணறு ஏதுங்க இப்ப? மூடிப்போட்டு அதுமேல மண்டபமல்ல கட்டறாங்க."

"வேற காப்பி வையி கண்ணு" என்றார் அக்கா மகளிடம்.

காப்பி வரும் வரை அவர் பேராசிரியையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "இப்ப நீயும் எனக்கு மக மொறை. அதனால கேக்கறேன். அங்க படிக்கறது இங்க செல்லுமா கண்ணு?"

"செல்லும்ங்கம்மா. அதுக்குத்தானே அனுப்பறோம்."

"அப்படீங்கறே. யாரு சொன்னாங்க?"

"திரும்பி வந்ததும் மார்க்கக் காட்டினா பரீட்சைக் குழுவுல பாத்து..."

"வந்ததுக்கப்புறம் அவிங்க செல்லாதுன்னு சொல்லிப்போட்டா?"

பேராசிரியை குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் போறதப் பத்தியே கேக்கறாங்க. ஏரோப்ளேன் உழுகுமா, குளுருமா, சோறு கெடைக்குமான்னு. எம்புள்ளை போறதுல எனக்குச் சந்தேகமில்ல கண்ணு. வாரதுலதான். போயிப் படிச்சுப்போட்டு வந்து, இங்க அது செல்லாதுன்னா, வைகாசியில நான் எங்கண்ணனுக்குப் பதில் சொல்லோணும்."

தாய்மாமன் மெல்ல உட்கார்ந்தார். அவர் கேட்க நினைத்ததும் அதுவல்ல, நான் கேட்டு வந்ததும் அதுவல்ல. பேராசிரியையின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கே கேட்டுட்டு வந்து சொல்றனுங்கம்மா" என்றார்.

சொன்னபடி வந்தார். வாக்கு மாறாத வீடு என்று பேக்கரிக்காரர் சொன்னது பொய்யில்லை. அவள் அங்கே படிப்பதாக இருந்த இரண்டு பாடத்தில் ஒன்று இங்கே செல்லாதாம். விட்டுப்போன பாடத்தோடு ஒத்துவரவில்லையாம். முதல்முறை அனுப்புவதால் யாரும் அதைப் பார்க்கவில்லை. வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். சொல்லும்போது பேராசிரியைக்குக் கண் கலங்கியிருந்தது. "நீங்க கேக்கலீன்னா இவளுக்கு ஒரு வருசம் போயிருக்கும்ங்கம்மா."

அக்கா பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. "மாத்துனது செல்லும்னு யாரு சொன்னாங்க கண்ணு?" என்றார். மறுநாள் துறைத் தலைவியே வந்து மாடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேள்விப்பட்ட தாய்மாமன் என்னிடம் சொன்னார். "போய்ச் சேந்த எங்க மச்சான் எப்படிப்பட்ட பொறுமைசாலின்னு இப்பத்தான் தெரியுது."

அவள் போனாள். படித்தாள். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தால் அக்கா எடுத்ததும் கேட்பது, "எம்புள்ளைதான்னா சொல்லு, நம்மூட்டு ஆட்டாங்கல்லு எந்த மூலையில கெடக்குது?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் பூத்துக்கு வெளியே நிற்கும் எனக்கே கேட்கும். திரும்பி வந்ததும் இரண்டு பாடமும் செல்லுபடியாயிற்று. சித்திரையில் தன் வகுப்போடு சேர்ந்தே முடித்தாள். தாய்மாமனும் சொன்ன சொல் மாறாமல் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு மேலே படிக்க அவள் மறுபடியும் அங்கேயே போனாள். வேலையும் அங்கேயே. வருவதாகச் சொல்லும்போதெல்லாம் அக்கா "அப்படீங்கறே?" என்பாராம். எதில் தனக்குச் சந்தேகம் என்று அவர் அன்றைக்கே சொல்லியிருந்தார். நாங்கள்தான் அதைப் பாடத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். முதல்முறை மகளை விமானம் ஏற்ற அக்கா சென்னைக்குக் கிளம்பிய நாளைப் பற்றியது. ஆட்டோ வாசலில் நின்றது. அக்கா பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர், சாவியை என் கையில் வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும்ங்க தம்பி." அந்தச் சாவியை அவர் அண்ணனிடம்கூடக் கொடுத்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நானும் சந்தேகப்பட்டு முடித்த ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆட்டோ போன பிறகு, அவருக்குப் பதிலாகப் பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்போம் என்று மாடிக்குப் போனேன். கையை நீட்டியவன் நிறுத்திக்கொண்டேன். பூட்டுக்குக் கீழே இரண்டு கதவுக்கும் குறுக்காக ஒரு வெள்ளை நூல். இரண்டு முனையும் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தால் அறுந்துவிடும். சாவி என் கையில், நூல் கதவில்!

கோபமாகத்தான் வந்தது. உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வாள். ஆனால் ஆனிக் காத்து உங்களுக்குத் தெரியுமே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது, மாடிப்படிக்கு மேலே இருந்த ஜன்னல் துளைகளில் நுழைந்து ஊதிக்கொண்டே இருந்தது. அந்த நூல் நடுங்கியது. ஒரு முனையில் பசை விட ஆரம்பித்திருந்தது. காற்று அறுத்தால் அதை யார் நம்புவார்கள்? எனக்காக மட்டும் நான் அப்படி நினைக்கவில்லை. முன்பின் தெரியாத ஊருக்கு மகளை ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிற மனுஷிக்கு, வீடு விட்டபடியே இருக்கிறது என்று காட்ட அந்த நூல் ஒன்றுதான் இருந்தது.

பட்டறையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கிழித்து, அந்த ஜன்னல் துளைகளை அடைத்தேன். நூல் அசையாமல் நின்றது. தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏறிப் பார்த்தேன்.

அவர் திரும்பிய காலையில் தெருமுனையில் ஆட்டோச் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடினேன். நூலை நான் பார்த்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று அட்டையைப் பிடுங்கினேன். ஜன்னல் திண்டில் உதிர்ந்து கிடந்த அட்டைத் தூளைத் துண்டால் துடைத்தேன். துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கீழே ஆட்டோ நின்றுவிட்டது. படியோரத்தில் ஒதுங்கியிருந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளி, அந்த இடத்தில் ஒரே சீராகத் தூவிவிட்டு இறங்கினேன்.